உடல்நலப் பகுதி: கதிரியக்கமும் குலவழியும் புற்றுநோயும்

செம்பூரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு டிராம்பே அயலான இடமன்று. 1954-ஆம் ஆண்டில் அங்கே அணுசக்தி நிலையம் தோன்றிய நாள்தொட்டு, நம்மவர் பலர் அதில் விஞ்ஞானிகளாகவும், தொழில்நுட்பப் பணியாளராகவும், எழுத்தர்களாகவும் உழைத்து வந்திருக்கின்றனர். 1956 ஆகஸ்டு 4-ஆம் நாள் 'அப்ஸரா' அணு உலை அங்கேதான் முதன்முதல் இயங்கிற்று. 1967-இல் அந்நிலையம் டாக்டர் ஹோமி பாபாவின் பெயரைத் தாங்கியது. குர்லாவில் வண்டி மாறிச் சென்றால் பரேல். அங்கே 1941 பிப்ரவரியில் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை இருக்கிறது. 1962-இல் அம்மருத்துவமனையும் அணுசக்தித் துறையின் பொறுப்புக்கு வந்தது. கதிரை ஆராயும் கூடமும், கதிரால் நோய் தீர்க்கும் கூடமும் ஒரே துறையின் நிழலில் இருக்க, இவ்விரண்டுக்கும் இடையே நாம் குடியிருக்கிறோம்.

ஆகையினால், நம் இல்லங்களில் மூன்று கேள்விகள் அடிக்கடி எழுவதில் வியப்பில்லை. அணு நிலையத்தின் அருகே வாழ்வதால் புற்றுநோய் வருமா? நோய் தீர்க்கக் கொடுக்கும் கதிர்ச் சிகிச்சையே பின்னர் மற்றொரு புற்றுநோயைக் கொண்டு வருமா? தாய்க்கு வந்தது மகளுக்கும் வருமா? முதல் கேள்வியை நாம் உரக்கக் கேட்கிறோம். இரண்டாவதைத் தாழ்ந்த குரலில் கேட்கிறோம். மூன்றாவதையோ, பெண் கேட்டு வருவோர் செவியில் விழுந்துவிடுமோ என்று அஞ்சி, கேட்காமலே விட்டுவிடுகிறோம். இம்மூன்றினுள் மிகுந்த தீங்கு விளைப்பது அந்த மௌனமே என்பதை இம்மாதம் எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதற்கண் கதிரியக்கத்தைப் பார்ப்போம். அது புற்றுநோயை உண்டாக்க வல்லது என்பதில் ஐயமில்லை. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு வீச்சுக்கு உள்ளாகி உயிர் தப்பியவர்களை 1950 முதல் ஆராய்ச்சியாளர் இடைவிடாது கவனித்து வருகின்றனர். முதலில் தலைதூக்கியது இரத்தப் புற்றுநோய். பல ஆண்டுகள் கழித்து மார்பு, நுரையீரல், இரைப்பை முதலிய உறுப்புகளில் புற்றுநோய் மிகுந்தது. உடல் ஏற்ற கதிரின் அளவு கூடக்கூட அபாயமும் கூடிற்று. இளம் வயதில் கதிருக்கு உள்ளானோர் முதியோரைவிட அதிகம் பாதிக்கப்பட்டனர். ஆயினும் ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. தப்பிப் பிழைத்தோர்க்குப் பின்னர் பிறந்த மக்கள் ஏறத்தாழ 77,000 பேரை ஆராய்ந்ததில், பெற்றோர் பட்ட கதிரினால் அம்மக்களுக்குப் புற்றுநோய் மிகுந்ததாகத் தெரியவரவில்லை.

அது ஒரு கணத்தில் பாய்ந்த கதிர். சிறிது சிறிதாக, ஆண்டுக்கணக்கில் உடலில் படும் கதிரோ? இதற்கு விடை தேட உலகத்து விஞ்ஞானிகள் நம் தென் கடற்கரைக்கே வந்தனர். 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன நிபுணர், கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அது மணவாளக்குறிச்சிக் கரையிலிருந்து வந்தது என்று கண்டார். அம்மணலில் உள்ள மோனசைட் என்னும் தாதுவில் தோரியம் உண்டு; தோரியம் கதிர் வீசும். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்துச் சவரா, கருநாகப்பள்ளிப் பகுதிகளிலும் தலைமுறை தலைமுறையாக மீனவரும் பிறரும் அம்மணலின் மீதே வீடு கட்டி வாழ்கின்றனர்.

திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்தார் கருநாகப்பள்ளியில் 30 முதல் 84 வயது வரையுள்ள 69,958 பேரைத் தேர்ந்து, சராசரி பத்தரை ஆண்டுகள் கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டனர். அவ்வாண்டுகளில் 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டது. கதிர் மிகுந்த இடத்தில் வாழ்ந்தோருக்கும் குறைந்த இடத்தில் வாழ்ந்தோருக்கும் இடையே புற்றுநோய் வேறுபாடு தென்படவில்லை. இதைக் கொண்டு சிறு கதிர் முற்றிலும் தீங்கற்றது என்று தீர்மானித்துவிடலாகாது. பிரான்சு, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணுத்தொழிலாளர் 309,932 பேரைப் பற்றி 2023-இல் வெளிவந்த ஆராய்ச்சி, சிறிது சிறிதாகப் பட்ட கதிரும் புற்றுநோய் மரணத்தைச் சற்றே உயர்த்துகிறது என்று காட்டிற்று. அத்தொழிலாளர் வாழ்நாளில் ஏற்ற சராசரிக் கதிர் 20 மில்லிகிரே அளவே. அந்த அளவுக்கு உரிய உயர்வைக் கணக்கிட்டால் நூற்றுக்கு ஒரு பங்குதான் வரும்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? சிறு கதிரின் அபாயம் சிறிது. பெருங்கதிரின் அபாயம் பெரிது. நம் நாட்டு விதிப்படி, கதிர்ப் பணியாளர் ஒருவர் ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் ஏற்கலாகாது. பொதுமக்களுக்கு அணு நிலையங்களால் வரக்கூடிய வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். மண்ணிலும் விண்ணிலும் காற்றிலும் இருந்து இயற்கையாகவே உலகத்தார் ஒவ்வொருவரும் ஏற்பது சராசரி 2.4 மில்லிசீவர்ட் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அச்சம் அளவோடு நிற்கும். கதிர்ப் பணியில் உள்ள அன்பர்கள் மார்பில் அணியும் அளவு அட்டையை அலுப்பென்று கழற்றி வைத்தல் கூடாது. அதுவே அவர்களுடைய உடலின் கணக்குப் புத்தகம்.

மற்றொன்றும் கூறவேண்டும். கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு அஞ்சும் நாம், கண்ணுக்குத் தெரியும் புகைக்கு அஞ்சுவதில்லை. மாஹுலின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், தேவ்னார் குப்பை மேடும், ஓயாத வாகனப் போக்குவரத்தும் நம் காற்றைக் கெடுத்ததால் அல்லவா செம்பூருக்குப் 'புகைக்கூண்டு' என்ற பொருள்படும் கேலிப் பெயர் வந்தது! வெளிக்காற்றின் மாசு புற்றுநோய்க் காரணி என்று 2013-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்துவிட்டது. புகையிலையோ அனைத்தினும் கொடியது. பரேலில் டாக்டர் வி. ஆர். கனோல்கர் நெடுங்காலத்துக்கு முன்பே புகையிலை மெல்லுவதற்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு அணு நிலையத்தைப் பற்றிக் கவலைப்படுவோர், வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கொல்லை வேலியைச் செப்பனிடுவோரை ஒப்பர்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கதிர்ச் சிகிச்சை பிற்காலத்தில் வேறொரு புற்றுநோய்க்கு இடம் தரக்கூடும் என்பது உண்மையே. ஆனால் எத்தனை பேருக்கு? அமெரிக்காவில் ஆறு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றி 2011-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, இரண்டாவதாகத் தோன்றிய புற்றுநோய்களில் நூற்றுக்கு எட்டு மட்டுமே கதிர்ச் சிகிச்சையால் வந்திருக்கக்கூடும் என்று கணக்கிட்டது. சிகிச்சை பெற்ற ஆயிரம் பேரில், பதினைந்து ஆண்டுகளுக்குள், ஐந்து பேர். அந்த ஐவருக்காக ஆயிரம் பேரும் சிகிச்சையை மறுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. மருந்துகளிலும் சில, இரத்தப் புற்றுநோயை ஓரளவு வரவழைக்கக் கூடியவை. வைத்தியர்கள் அதை அறிந்தே அளவைக் குறைத்தும், மருந்தை மாற்றியும் கொடுக்கின்றனர்.

ஆயினும் குழந்தைகள் விஷயத்தில் தனிக் கவனம் தேவை. அவர்களுடைய உடல் வளரும் உடல். அவர்கள் முன்னே நெடிய ஆயுள் கிடக்கிறது. சிறுமியாகவோ கன்னியாகவோ இருந்தபோது மார்பின் மீது கதிர்ச் சிகிச்சை பெற்ற பெண், இருபத்தைந்து வயது முதலோ, சிகிச்சைக்கு எட்டு ஆண்டுகள் கழித்தோ, எது பிந்தியதோ அது முதல் ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது வைத்தியர் கொள்கை. இத்தகைய பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே டாட்டா நினைவு மருத்துவமனையில் 1991-இல் தனிப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. ஆனால் நம் குடும்பங்களில் நிகழ்வது என்ன? பிள்ளை பிழைத்து எழுந்ததும், தெய்வத்துக்கு நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு, அந்த நோயின் பெயரையே வீட்டில் உச்சரிக்கலாகாது என்று விதி செய்கிறோம். பெண் வளர்கிறாள்; மணமாகிச் சென்னைக்கோ, தூத்துக்குடிக்கோ, கடல் கடந்தோ செல்கிறாள். தன் மார்பில் எவ்வளவு கதிர் பட்டது, எந்த மருந்து செலுத்தப்பட்டது என்பதை அவளே அறியாள். புதிய ஊரின் வைத்தியருக்கு அவள் என்ன சொல்வாள்?

மூன்றாவது கேள்வி குலவழி பற்றியது. புற்றுநோய்களில் பெரும்பான்மை பரம்பரையாக வருவன அல்ல; நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே பெற்றோரிடமிருந்து பெற்ற மரபணுக் குறையால் விளைகின்றன. 1990-இல் மேரி கிளேர் கிங் என்ற அம்மையார், மார்பகப் புற்றுநோய் பல தலைமுறைகளில் தொடர்ந்த குடும்பங்களை ஆராய்ந்து, அதற்குரிய மரபணு பதினேழாவது குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994-இல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அதில் குறையுடைய பெண்களில் பத்தில் ஏழு பேருக்கு எண்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். இக்குறை தாயிடமிருந்து மட்டுமன்றித் தந்தையிடமிருந்தும் வரும். பிள்ளைக்கு வருவதற்கும் வராமலிருப்பதற்கும் சம வாய்ப்பு. ஆதலால் அத்தை நோயுற்றதும், பாட்டி மறைந்ததும், தந்தை வழியானால் பொருட்டில்லை என்று ஒதுக்குவது தவறு.

கதிர், சிகிச்சை, குலவழி மூன்றும் ஒன்றுசேரும் இடம் ஒன்று உண்டு. குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் புற்றுநோயைப் பற்றி 1971-இல் ஆல்பிரட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஆராய்ந்தார். ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் கெட்டால்தான் நோய் பிறக்கும். சில குழந்தைகள் ஒரு பிரதி கெட்டே பிறக்கின்றன என்றார். அத்தகைய குழந்தைக்குக் கண்ணில் கதிர் செலுத்தினால், அந்தக் கண் பிழைத்தாலும், பின்னாளில் கதிர் பட்ட எலும்பிலும் தசையிலும் புதிய புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மிகுதி. இது தெரிந்த பின், வைத்தியர்கள் அக்குழந்தைகளுக்கு இயன்றவரை கதிரைத் தவிர்த்து, மருந்தையும் லேசர் ஒளியையும் கையாளுகின்றனர். குடும்ப வரலாறு வைத்தியருக்குத் தெரிந்தால் சிகிச்சையே மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம்மிடையே மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் உண்டு. இரு பெற்றோரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேர்ந்தால் தோன்றும் அபூர்வ நோய்கள் சில, உறவு மணங்களில் சற்று அதிகம். அவற்றுள் சிலவற்றில் உடல் கதிரையோ சில மருந்துகளையோ தாங்குவதில்லை. ஆகவே, பெற்றோர் உறவினர் என்பதையும் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மறைப்பதால் மணம் முடியலாம், நோய் முடியாது. வீதியெல்லாம் பறைசாற்றுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பிறந்த பெண்ணுக்கு அவள் குலத்தின் உண்மை தெரிய வேண்டும். வைத்தியருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவே. மரபணுவில் குறை இருப்பது நோயன்று. அறிந்தவள் முன்னதாகப் பரிசோதித்துக்கொண்டு பிழைக்கிறாள். அறியாதவள் கட்டி முற்றிய பின் பரேலுக்கு ஓடுகிறாள். மும்பையின் ஏழை எளிய பகுதிகளில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களை டாட்டா மருத்துவமனையார் இருபதாண்டுகள் கவனித்து 2021-இல் வெளியிட்ட முடிவு இதை மெய்ப்பிக்கிறது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கையால் தொட்டுச் செய்த மார்பகப் பரிசோதனையே, ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரில் மார்பகப் புற்றுநோய் மரணத்தை நூற்றுக்கு முப்பது அளவு குறைத்தது.

சங்கத்து அன்பர்களுக்கும் தாய்மார்களுக்கும் நாம் வேண்டுவன மூன்று. பாட்டி, பெரியம்மா, அத்தை முதலியோரிடம் கேட்டு, குடும்பத்தில் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்றுநோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற எவருக்கும், சிகிச்சை முடிந்ததும் மருத்துவமனை தரும் குறிப்பைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பெட்டியிலேயே பத்திரப்படுத்துங்கள். ஊர் திரும்பும் குடும்பங்கள் அதை உடன் கொண்டு செல்லுங்கள். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் எழுந்த அடையாறு நிலையத்தில், அந்தக் குறிப்பைக் காட்டினால் சிகிச்சை விட்ட இடத்திலிருந்து தொடரும். மூன்றாவதாக, மணமாகிச் செல்லும் மகளுக்கு நகையைக் கணக்கிட்டுக் கொடுக்கும்போது, அந்தத் தாளின் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.