இறங்கும் இடம் அறிந்து இறங்குக

 

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் நீலகிரிப் பேச்சு தொடங்கிவிடும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனை அமர்த்திக்கொண்டு, தேக்சாவும் அடுப்பும் அரிசி மூட்டையுமாகப் புறப்படுவது நெடுங்கால வழக்கம். அண்மைக் காலமாக அதனோடு ஒரு புதிய ஆசையும் சேர்ந்துள்ளது. ஏரிக்கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவேனும் தங்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கின்றனர். மேலை நாடுகளில் ஏரிகள் சூழ்ந்த வட்டாரங்களில் இதற்கெனவே வகுத்த திடல்கள் உண்டு. எண்ணிட்ட இடம், குடிநீர்க் குழாய், கழிப்பறை, வீட்டுவண்டிக்கு மின் இணைப்பு என யாவும் அங்கே ஒழுங்குற அமைந்திருக்கும். அந்தப் படங்களைக் கண்ட கண்களுக்குப் பைக்காராவின் கரையும் அவ்வாறே தோன்றுவதில் வியப்பில்லை.

பூமியில் பயணம் செய்து படைப்பின் அற்புதங்களைச் சிந்திக்குமாறு திருமறை நம்மைப் பன்முறை தூண்டுகிறது. எனவே ஆசையில் பிழையில்லை. எங்கே இறங்குவது என்பதில்தான் அறிவு வேண்டும். அந்த அறிவையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே நமக்குக் கற்பித்துச் சென்றுள்ளார்கள். இரவில் இறங்கித் தங்கும் பயணிகள் பாதையைவிட்டு விலகித் தங்க வேண்டும் என்றும், இரவு வேளையில் அது விலங்குகளும் விஷ ஜந்துக்களும் நடமாடும் இடம் என்றும் அவர்கள் எச்சரித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பாக முஸ்லிம் நூலில் காண்கிறோம்.

யானையின் வழி

அந்த எச்சரிக்கையின் பொருளை இன்று மசினகுடியில் கண்ணால் காணலாம். முதுமலையை அடுத்த சீகூர்ப் பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் காலங்காலமாகக் கடந்து செல்லும் வழி. அந்த வழியிலேயே தங்கும் விடுதிகள் எழுந்தன. தமிழக அரசு 2010இல் அறிவித்த யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அடுத்த ஆண்டு, 2021 ஜனவரியில், மசினகுடி விடுதி ஒன்றின் அருகே வந்த யானையின் மீது எரியும் டயரை வீசினர். காதிலும் தலையிலும் தீக்காயமுற்று அந்த வாயில்லா ஜீவன் இறந்தது. அதே மாதத்தில் வயநாட்டின் மேப்பாடி அருகே, காட்டோரக் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார்.

இரு மரணங்களுக்கும் காரணம் ஒன்றே. தங்கக் கூடாத இடத்தில் மனிதர் தங்கினர். காசு வாங்கிக்கொண்டு கூடாரத்தைக் காட்டுபவர், அது யாருடைய பாதை என்பதைச் சொல்லமாட்டார். ஆகவே முன்பணம் அனுப்புமுன் கேட்டறியுங்கள். விடுதிக்கு உரிமம் உண்டா? அந்த நிலம் வனத்துறை எல்லைக்குள் வருகிறதா? சுற்றிலும் உறுதியான வேலி உண்டா? இரவில் கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? இவற்றுக்கு நேரான விடை கிடைக்காவிட்டால் அவ்விடம் உங்களுக்குரியதன்று.

ஏரிகள் யாருக்கு உரியவை?

நீலகிரியின் ஏரிகளில் பெரும்பாலானவை இயற்கையாய் அமைந்தவை அல்ல. உதகை ஏரியே 1820களில் ஜான் சல்லிவன் என்னும் ஆங்கில அதிகாரி அமைத்தது. பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி ஆகியவை நீர்மின் உற்பத்திக்கான அணைகளால் தேங்கியவை. குந்தா மின்திட்டம் கனடா நாட்டின் உதவியோடு எழுந்தது. இந்நீர்நிலைகள் மின்வாரியத்தின் பொறுப்பிலும், சூழவுள்ள காடுகள் வனத்துறையின் பொறுப்பிலும் உள்ளன. ஆதலால் கரையில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க எவருக்கும் உரிமை இல்லை. புல்வெளி போலத் தோன்றும் கரை காலடியில் உள்வாங்கும் சேறாக இருக்கக்கூடும். அணை நீரில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

பகலில் ஏரியைக் கண்டு மகிழுங்கள். இரவில் ஊருக்குள் திரும்பிவிடுங்கள். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களில் பள்ளிவாசல்களும் நம் உணவகங்களும் உள்ளன. காட்டின் அண்மையே வேண்டுமென்றால், தெப்பக்காட்டில் வனத்துறையின் ஓய்வு இல்லங்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்யலாம். திறந்தவெளியில் கூடாரம்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், உரிமம் பெற்ற தோட்ட விடுதியின் முற்றத்தில், கட்டடத்தை ஒட்டி அடிக்கச் செய்யுங்கள். அங்கும் உண்ட மிச்சத்தை வெளியே வைக்கக் கூடாது. குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் கரடிகள் உணவின் வாசனையைத் தொடர்ந்து வீட்டு வாசல்வரை வருகின்றன.

மழையும் குளிரும்

மாதம் பார்த்துப் புறப்படுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. 2009 நவம்பரில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவலாஞ்சி என்ற பெயரே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நேர்ந்த ஒரு பெருஞ்சரிவால் வந்ததுதான். வெட்டிய சரிவின் அடியிலும், ஓடையின் ஓரத்திலும், பட்ட மரத்தின் கீழும் தங்கலாகாது. டிசம்பர், ஜனவரி இரவுகளிலோ பள்ளத்தாக்குகளில் உறைபனி படியும். கைக்குழந்தையும் முதியவரும் உள்ள குடும்பத்துக்குக் கூடாரம் ஏற்றதன்று.

அந்தக் குளிர்தான் அடுத்த ஆபத்தையும் அழைத்து வருகிறது. கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ வைத்துக்கொண்டு உறங்கினால், அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு மணமும் நிறமும் இன்றி உயிரைக் கவர்ந்துவிடும். உறங்குமுன் தீயை அணைத்துவிடுமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் பணித்ததன் அருமையை இங்கே எண்ணிப் பாருங்கள். கனலும் தீயே, சாம்பல் மூடிய கரியும் தீயே. சாலையோரக் காட்டில் அடுப்பு மூட்டி பிரியாணி சமைப்பதும் வேண்டாம். காப்புக் காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

தொழுகையும் தூய்மையும்

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தொழுகையை மறந்துவிடாதீர்கள். உளூவுக்குத் தண்ணீரும், பெண்களுக்கு மறைவான கழிப்பறையும் தொழுமிடமும் இல்லாத இடம் எவ்வளவு அழகாயிருந்தும் நமக்குப் பொருந்தாது. மூடுபனியில் கதிரவன் தெரியாது. கிப்லா இங்கிருந்து மேற்கில் சற்று வடக்கே சாய்ந்துள்ளது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பயணத் தொலைவைக் கடந்தவர் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கித் தொழலாம். சேர்த்துத் தொழுவதை ஷாஃபிஈ மத்ஹப் அனுமதிக்கிறது. ஹனஃபிகள் அந்தந்த வேளையிலேயே தொழுவர். ஒரே வேனில் இருவரும் இருப்பீர்கள். வாதம் வேண்டாம், வண்டியை நிறுத்தி வழிவிடுங்கள்.

தேங்கிய நீரிலும், மக்கள் நடக்கும் வழியிலும், நிழல் தரும் இடத்திலும் மலஜலம் கழிப்பதை மார்க்கம் தடுத்துள்ளது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளை என்று படித்த நாம், பிரியாணிப் பொட்டலத்தின் பிளாஸ்டிக்கை மானும் காட்டெருமையும் மேயும் இடத்தில் எறியலாமா? நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு, அபராதமும் உண்டு. வீட்டிலிருந்தே தட்டும் குவளையும் சஹனும் எடுத்துச் செல்லுங்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. புறப்படுமுன் அன்றைய விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் வண்டி நின்றபின் வருந்திப் பயனில்லை.

ஓரிடத்தில் இறங்கியதும் இறைவனிடம் காவல் தேடி ஓதும் துஆவைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவன்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பதும் நபிமொழி தரும் பாடமே. யானையின் வழியில் கூடாரம் அடித்துவிட்டுத் துஆவை மட்டும் நம்புவது தவக்குல் ஆகாது.

வல்ல ரஹ்மான் நம் பயணங்களை நலமாக்கி, சென்ற அனைவரையும் குறைவின்றி இல்லம் சேர்ப்பானாக! ஆமீன்.