கேட்டுவிட்டு வாங்கக் கூடாதா?

பழைய எல்பி வாங்குகிறவர்கள் என்னிடம் முதலில் விலையைக் கேட்பதில்லை. "உறை பளபளன்னு இருக்கு சார், தட்டு எப்படிப் பாடுது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அண்மையில் கோவையிலிருந்து பேசியவர், "ரெண்டாம் பக்கம் கடைசிப் பாட்டு எப்படி?" என்றார். விவரம் தெரிந்த ஆள். ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஒவ்வொரு சுற்றும் சிறுத்துக்கொண்டே போகும். தேய்ந்த தட்டு அங்கேதான் காட்டிக்கொடுக்கும். மேல் ஸ்தாயியில் குரல் பிசிறும். அதனால் விற்பனைக்குப் போடும் ஒவ்வொரு தட்டிலும் கடைசிப் பாட்டிலிருந்து அரை நிமிடத்தைப் பதிவு செய்து படத்தோடு சேர்த்துப் போடுவது என் வழக்கம்.

இப்போது அது முடிவதில்லை. நான் கடை விரித்திருக்கும் இணையதளம் அந்த அரை நிமிடங்களை ஒவ்வொன்றாக ஊமையாக்கிவிட்டது. பதிப்புரிமை மீறலாம். சரி, முறைப்படி அனுமதி வாங்கிவிடுவோம் என்று ஓர் உரிமையாளருக்கு எழுதினால், முழுப் பாட்டையும் ஒலிபரப்புவதற்கான படிவத்தை அனுப்பிவைத்தார்கள். நான் விற்க வந்ததோ 400 ரூபாய்த் தட்டு.

ஒருவரிடம் வாங்கினால் தீர்கிற அனுமதியும் இல்லை இது. 1960-இல் வெளியான ஒரு படத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணதாசன் வரிகள், விசுவநாதன்–ராமமூர்த்தி மெட்டு. நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே அந்த உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. வரிகளுக்கும் மெட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள். கண்ணதாசன் 1981-இல் மறைந்தார், எனவே வரிகளுக்கு 2041 வரை. மெட்டு போட்ட இருவரில் பிந்தி மறைந்தவர் விசுவநாதன், 2015-இல். எனவே மெட்டுக்கு 2075 வரை. தட்டு சுதந்திரமானது, அதிலுள்ள பாட்டு இல்லை. அரை நிமிடம் ஒலிக்க நான் எத்தனை கதவைத் தட்டுவது?

கனடாவில் இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் கட்டணம் வசூலிக்கும் சோக்கன் என்ற அமைப்பு, ஆப்பிள், பெல் முதலிய நிறுவனங்களின் இணையக் கடைகளில் ஓடும் 30 முதல் 90 விநாடி முன்னோட்டங்களுக்கும் தனியாகக் காசு கேட்டது. 2012 ஜூலை 12-இல் தீர்ப்பு வந்தது: காசு தர வேண்டாம். எழுதியவர் நீதிபதி ரோசலி அபெல்லா. ஆராய்ச்சிக்காக நியாயமாகப் பயன்படுத்துவதை அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. எந்தப் பாட்டை வாங்கலாம் என்று தேடிக் கேட்பதும் ஆராய்ச்சியே என்றது நீதிமன்றம். கடைக்காரரின் லாபத்தை வைத்துப் பார்க்காமல், வாங்க வந்தவரின் தேவையை வைத்துப் பார்த்தது.

சோக்கன் தரப்பு சும்மா இருக்கவில்லை. ஒரு பாட்டு வாங்குவதற்குள் சராசரியாகப் பத்து முன்னோட்டம் கேட்கிறார்கள், கூட்டிப் பார்த்தால் முழுப் பாட்டின் நீளத்தையும் தாண்டுகிறதே என்றது. ஒவ்வொரு பாட்டிலும் எவ்வளவு எடுக்கப்பட்டது என்றுதான் பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. அட்டைப்படம் இருக்கிறது, விமர்சனம் இருக்கிறது, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமே என்றது. இவற்றில் எதுவும் பாட்டு காதுக்கு எப்படி இருக்கும் என்று சொல்லாது என்றது நீதிமன்றம். என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. ரிங்டோன் விற்பதற்கு முன் கேட்கக் கொடுக்கும் துணுக்கு நியாயப் பயன்பாடு ஆகாது என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 2009-இல் சொன்னது. நம் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலும் ஆராய்ச்சி உட்பட சொந்த உபயோகத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் டிப்ஸ் நிறுவனம் விங்க் செயலிமீது தொடுத்த வழக்கில், வாடிக்கையாளரின் சொந்த உபயோகத்தைக் காட்டி வியாபார நிறுவனம் தப்ப முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்த்தது. அது முழுப் பாட்டையும் இறக்கி வைத்துக்கொள்வது பற்றிய வழக்கு. தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. அதே அளவுகோலை அரை நிமிடத் துணுக்குக்கும் நீட்டிவிடுவார்களோ என்பதுதான் கவலை.

சட்டம் வாய் திறக்காத இடத்தில் பெரியவர்கள் வைத்ததே சட்டம். 2010-இல் ஆப்பிள் நிறுவனம் இரண்டரை நிமிடத்துக்கு மேற்பட்ட பாடல்களின் முன்னோட்டத்தை 30-லிருந்து 90 விநாடியாக்கியது. எப்படி? இசை நிறுவனங்களுக்குக் கடிதம் போட்டது: எங்கள் கடையில் தொடர்ந்து விற்றாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். அப்படி ஒரு கடிதத்தை நான் போட்டால் படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

இசைக்காரர்கள் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. பல காலம் மெட்டையும் வரியையும் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றவர்கள் அவர்கள். ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் வாதாடி, 2012 திருத்தத்தில்தான் ராயல்டி பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்ற பாதுகாப்பு வந்தது. அதில் கைவைக்கச் சொல்லவில்லை. என் துணுக்கால் அவர்களுக்கு ஒரு காசும் நட்டமில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

52-ஆம் பிரிவில் ஏற்கெனவே எத்தனையோ உட்பிரிவுகள். முன்னோட்டத்துக்கும் ஒன்று சேர்க்கலாம். எல்லாவற்றுக்கும் 30 விநாடி என்று ஒரே கோடு போட்டுவிடக் கூடாது. மூன்று நிமிடம் பாடும் 78 சுழற்சித் தட்டில் அது ஆறில் ஒரு பங்கு; முக்கால் மணி நேரத் தோடியில் நாகஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தில் நின்று நிதானிப்பதற்குள் போய்விடும். பத்தில் ஒரு பங்கு, எப்படியானாலும் 30-க்குக் குறையாமல் 90-ஐத் தாண்டாமல் என்று வைக்கலாம். இறக்கிக்கொள்ள முடியாமல் இருக்கட்டும். தட்டு விற்றதும் துணுக்கும் இறங்கட்டும். கனடாவில் முன்னோட்டத்தின் ஒலித்தரம் குறைவாக இருந்ததையும் சாதகமாகச் சொன்னார்கள். அதை மட்டும் நிபந்தனையாக்க வேண்டாம், என் ஆட்களுக்குக் கரகரப்பு துல்லியமாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, பாட்டு விற்கிற பக்கத்தில்தான் இந்த விலக்கு செல்லும் என்று இருக்க வேண்டும். குறுங்காணொளிகளில் ஓடும் 30 விநாடி வேறு கதை. அங்கே வாங்க எதுவும் இல்லை, அந்தத் துணுக்கேதான் சரக்கு. அதற்குத் தாராளமாகக் காசு வாங்கட்டும்.