தன் துணியிலேயே நூல்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர்விமானத்துக்கு விடை கொடுத்தார்கள். 1963இல் வந்தது, 2025இல் போனது, 62 வருட சேவை என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். என் எரிச்சல் அதுதான். வந்தது வேறு, போனது வேறு. முதலில் வந்ததில் விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடிக்கூண்டு முன்பக்கமாகத் தூக்கித் திறக்கும். கடைசியாகப் பறந்த பைசன் ரகத்தில் வலப்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். நடுவில் எஃப்எல் ரகம் வந்தது, எம் வந்தது, பிஸ் வந்தது. பிஸ்ஸின் முன்கண்ணாடியிலிருந்த சட்டங்களை எடுத்து ஒரே வளைவாக்கி, ரேடாரை மாற்றிய பிறகுதான் அது பைசன். எஃப்எல் 2013லேயே ஓய்வுபெற்றுவிட்டது. தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் ஒரே இனிஷியல் என்பதால் ஒரே ஆள் நூறு வருடம் வாழ்ந்தார் என்று எழுதுவோமா?

இந்த வித்தியாசம் ஓட்டியவர்களுக்கும் பழுதுபார்த்தவர்களுக்கும் தெரியும். அடுத்தபடியாக, பிளாஸ்டிக் கிட் வாங்கி மாடல் கட்டும் பைத்தியங்களுக்குத் தெரியும்.   எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்ற அளவில் மிக்-21இன் இறக்கை வீச்சு பத்து சென்டிமீட்டர்கூட வராது. கொலுப்படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தால் இடத்தை அடைக்காது. ஆனால் அந்தச் சின்ன உருவத்தில் பொய்கள் பெரிதாகிவிடுகின்றன. உலோகத் தகடுகள் சேருமிடத்தைக் காட்டக் கிட்டில் ஒரு கோடு கீறியிருப்பார்கள். அது கால் மில்லிமீட்டர் அகலம் என்றால் நிஜ விமானத்தில் 18 மில்லிமீட்டர் பள்ளம்; சுண்டுவிரல் உள்ளே போகும். இறக்கையின் பின்விளிம்பு முக்கால் மில்லிமீட்டர் தடிமன் என்றால் நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல். கத்தி போலிருக்க வேண்டியது கதவுநிலை போலிருக்கிறது. இதுதான் ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போகுமாம்! மாடலை மேம்படுத்துவது என்றால் எதையாவது கொண்டுபோய் ஒட்டுவது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. முதல் வேலை வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்ப்பது. இருப்பதைக் குறைத்த பிறகுதான் இல்லாததைச் செய்ய வேண்டும்.

இல்லாததை என்ன கொண்டு செய்வது? மாத்திரை அட்டையின் பின்பக்க ஈயத்தாள் இருக்கை வார் ஆகும்; நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டர் அகல வார் இங்கே 0.7 மில்லிமீட்டர். மூக்கில் நீளும் காற்றுவேகக் குழாய்க்கு ஊசி மருந்து போடும் ஊசி. இவற்றைவிட அழகானது ஸ்புரூ. பாகங்களைப் பிய்த்தெடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டம் அது, குப்பைக்குப் போக வேண்டியது. அதில் ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல், உருட்டிக்கொண்டே காட்டினால் நடுவில் இளகிப் பளபளக்கும். விலக்கி, ஒரு மூச்சு நிதானித்து, இரண்டு பக்கமும் இழுத்தால் மயிரிழை. வேகமாக இழுத்தால் மெலிசு, மெதுவாக இழுத்தால் பருமன். ஆன்டெனா கம்பியாகவோ குழாயாகவோ அதே விமானத்துக்குள் அது திரும்பப் போய்விடும்.

நான் எங்கே போய்ச் சேரப்போகிறேன் என்பது பழைய வாசகர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். திருவண்ணாமலையின் செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறவன் வேறெங்கே போவான்? ரமணர் மலையில் இருந்த காலத்தில் கோவணம் கிழிந்தது. யாரிடமும் அவர் ஊசி நூல் கேட்கவில்லை. ஒரு முள்ளை எடுத்து, இன்னொரு முள்ளால் அதில் துளைபோட்டு, அந்தக் கோவணத்திலிருந்தே உருவிய இழையைக் கோத்துத் தைத்துக்கொண்டார். பக்தர்கள் இதைப் பற்றின்மைக்குச் சான்றாகச் சொல்வார்கள். சொல்லட்டும். கைவேலைக்காரனின் கண்ணுக்கு இதில் தட்டுப்படுவது வேறு. முள்ளில் காது குத்துவதற்கு முள்ளைவிட மெல்லிய முள் வேண்டும். அதையும் தேடியெடுக்க வேண்டும். பருமனிலும் நிறத்திலும் நைவிலும் துணியோடு ஒத்துப்போகும் நூல் அந்தத் துணிக்குள்தான் இருக்கும். கடையில் வாங்கிய புதுநூல் பழைய துணியை அறுக்கும். மாடலிலும் இதேதான் நடக்கிறது. பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை உண்மையில் பசை அல்ல, கரைப்பான். ஸ்புரூ இழையையும் விமானத்தின் உடலையும் ஒருசேரக் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்த பிறகு இது தனி, அது தனி என்று பிரிக்க முடியாது. விலைகொடுத்து வாங்கும் பித்தளைத் தகட்டுப் பாகங்கள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தப் பசைக்கு மசியாது. ஃபெவிக்விக் போட்டு மேலே உட்காரவைக்கலாம், அவ்வளவுதான்.

அந்த நுணுக்கத்தைக் கையால் செய்ய முடியாதே, இப்போது முப்பரிமாண அச்சில் முழு இருக்கையே கிடைக்கிறதே என்பார்கள். நியாயமான பேச்சு. ஐந்து மில்லிமீட்டர் ஆணித்தலை இந்த அளவில் 0.07 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமன். எந்தக் கையாலும் ஆகாது, விட்டுவிடுவதே உத்தமம். ஆனால் அச்சில் வாங்கிய எஃப்எல் இருக்கையைப் பைசனுக்குள் வைத்துப் பெருமைப்படுகிறவரை அந்த அச்சு தடுக்காது. தானே வெட்டிச் செய்கிறவர் முதலில் படம் தேட வேண்டும், எந்த ரகம், எந்தப் பக்கம் திறக்கும் கூண்டு என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் கத்தியை எங்கே வைப்பது?

கூண்டை மூடிய பிறகு யார் பார்க்கப்போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. இதற்கும் ஆசிரமத்து நினைவுக் குறிப்புகளில் ஒரு பதில் கிடக்கிறது. முள்மரக் கிளை ஒன்றை எடுத்து, முட்களைச் சீவி, கணுக்களைக் கல்லால் தேய்த்து, சொரசொரப்பான இலையால் மெருகேற்றி, ரமணர் ஒரு கைத்தடி செய்தார். எண்ணெய் தடவியதும் அது பளபளத்தது. கோல் தொலைந்து தவித்த இடையச் சிறுவனிடம் அதைக் கொடுத்துவிட்டார். ஆடு மேய்க்க அத்தனை மெருகு எதற்கு? கணுவில் சிராய் இருந்தால் பையன் கையில் ஏறும் என்பது பாதிப் பதில். சிராய் போன பிறகும் அவர் ஏன் தேய்த்தார் என்பதற்கு நேரடிப் பதில் கிடையாது. அந்த வேலை அங்கே முடியவில்லை என்பதைத் தவிர. நம் ராஜகோபுரம் 217 அடி. மேல்நிலைச் சுதைகளின் முகங்களைக் கீழே நிற்பவர் யாரும் பார்ப்பதில்லை. அதற்காக அங்கே மூக்கு வைக்காமல் விட்டிருக்கிறார்களா?

மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு கொலைக்கருவிக்கு அழகு பார்ப்பதா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ரஷ்யாவிடம் வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் பாதிக்கு மேல் விபத்தில் போயின, 171 விமானிகள் இறந்தார்கள் என்று 2012இல் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். பொதுமக்கள் 39 பேர். ஆனால் இந்த எண்களைப் படித்தவுடன் மறந்துவிடலாம். இருக்கையைக் கையால் செய்கிறவருக்கு அது முடிவதில்லை. அவசரத்தில் வெளியே தெறிக்க விமானி இழுக்கும் சிவப்புக் கைப்பிடி இருக்கையில் இருக்கிறது. கைக்குள் அடங்கும் அது, இந்த அளவில் ஒன்றரை மில்லிமீட்டர். கிட்டில் அது கிடையாது. அறுந்துபோன சார்ஜர் வயரைத் தூக்கிப் போடாமல் வெட்டிப் பாருங்கள்: உள்ளே இருக்கும் தாமிர இழைகளில் இரண்டை முறுக்கி வளைத்தால் சரியான பருமன் வரும். சிவப்பு ஒரு பூச்சு போதும். இரண்டாவது பூச்சுக்குத் தடித்துவிடும்.