பேரேடு போதும் என்பவருக்கு

"ஆடிட்டருக்குப் பேரேடு போதும். ஹார்டு டிஸ்க்கைக் கிளறுவது போலீஸ் வேலை." அண்மையில் எங்கள் தொழில்முறைக் கூட்டமொன்றில் மூத்த ஆடிட்டர் ஒருவர் இப்படிப் பேசினார். கணினித் தடயவியலைக் கிளையண்டுகளுக்குச் சேவையாக வழங்கினால் சட்டச் சிக்கல் வரும், அது நமக்குத் தெரியாத தொழில் என்றும் சொன்னார். அரங்கம் கைதட்டியது. என்னால் தட்ட முடியவில்லை. நம்மை நம்பி வருபவர்களைக் கைவிடச் சொல்லும் வாதம் அது.

பேரேடு போதுமாம். எந்தப் பேரேடு? திருப்பூர் பனியன் கம்பெனியிலும் பேரேடு இன்று கணினிக்குள்தான் இருக்கிறது. கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிய வேண்டும், அந்தப் பதிவை அணைத்துவைக்க முடியக் கூடாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. அந்தப் பதிவு ஆண்டு முழுதும் இயங்கியதா என்று தணிக்கை அறிக்கையில் எழுதுவது நாம்தான். கையெழுத்துப் போடுவது மட்டும் நம் வேலை, உள்ளே இறங்கிப் பார்ப்பது அடுத்தவர் வேலை என்பது என்ன நேர்மை?

சத்யம் நிறுவனத்தை அதற்குள் மறந்துவிட்டோமா? கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டார். அதுவரை தணிக்கையாளர்கள் காகிதத்தை நம்பியிருந்தார்கள். பொய்யின் தடயமோ இன்வாய்ஸ் மென்பொருளுக்குள் கிடந்தது. 'சூப்பர் யூசர்' அனுமதியோடு நுழைந்து உருவாக்கிய 7,561 போலி இன்வாய்ஸ்கள் மற்றவர் கண்ணில் படாதபடி மறைக்கப்பட்டிருந்தன. பேரேட்டை எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் அவை அகப்பட்டிருக்காது.

சட்டச் சிக்கல் என்பது அடுத்த அச்சம். சிக்கல் வருவது நாம் ஒதுங்கி நிற்கும்போதுதான். உரிய சான்றிதழ் இல்லாத மின்னணுப் பிரதி சாட்சியமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2020இல் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுக் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட்ட சான்றிதழைக் கேட்கிறது; அச்சான்றிதழின் இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். காசாளர்மேல் சந்தேகம் எழுந்ததும் முதலாளி முதலில் போன் செய்வது காவல் நிலையத்துக்கல்ல, ஆடிட்டருக்கு. "சிஸ்டத்தைத் தொடாதீர்கள், முழு டிஸ்க்கையும் முறைப்படி பிரதியெடுத்து ஹாஷ் குறித்துவைப்போம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதையும் எழுதிவைப்போம்" என்று அந்த நேரத்தில் சொல்ல ஆள் வேண்டும். கம்பெனிக்குச் சொந்தமான கணினியை, உரிய அனுமதியோடுதான் தொட வேண்டும். நாமே சட்டபூர்வத் தணிக்கை செய்யும் கம்பெனிக்கு இந்தச் சேவையை வழங்கக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து.

தெரியாத தொழில் என்றால் கற்க வேண்டியதுதானே? தடயக் கணக்கியலுக்கு நம் பட்டயக் கணக்காளர் இன்ஸ்டிடியூட்டே சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. அதற்கான தரநிலைகளையும் கட்டாயமாக்கியிருக்கிறது. அழித்த கோப்பை மீட்கத் தொழில்நுட்பர் வேண்டும். அவரை உடன் அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் மீட்ட எக்ஸெல் தாளில் சப்ளையரின் வங்கிக் கணக்கும் ஊழியரின் சம்பளக் கணக்கும் ஒரே எண்ணாக இருப்பதைத் தேடிப் பார்க்க அவருக்குத் தோன்றாது. கணக்கு படித்தவருக்குத்தான் தோன்றும்.

பல ஆண்டுகளுக்கு முன் நூல் வியாபாரியான என் கிளையண்ட் ஒருவர், விலகிப்போன கணக்காளர் பல லட்சம் சுருட்டிவிட்டதாகச் சந்தேகித்தார். நானும் அன்று "அது என் வேலையில்லை" என்றே சொன்னேன். அதே வாரம் கம்ப்யூட்டர் மெக்கானிக் ஒருவர், "சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது" என்று பார்மட் அடித்துவிட்டார். வழக்குத் தொடுக்க எதுவும் மிஞ்சவில்லை. நான் ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் அந்த டிஸ்க் தப்பியிருக்கும். அரங்கில் கைதட்டியவர்களில் எத்தனை பேரின் கிளையண்ட் நாளை அதே இடத்தில் நிற்கப்போகிறார்?