கூலிக் கொட்டகையில் ஒரு நட்பு

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ 1937இல் வெளிவந்தது. ஆறே பகுதிகள் கொண்ட குறுநாவல். கலிஃபோர்னியாவின் சாலினாஸ் ஆற்றோரம், சோலெடாட் ஊருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணையில் சில நாட்களுக்குள் கதை நடந்து முடிகிறது. மேடைக்கும் பொருந்த வேண்டும் என்று எண்ணி எழுதப்பட்டதால் ஒவ்வொரு பகுதியும் இட வருணனையில் தொடங்கி, பின்பு பெரும்பாலும் பேச்சிலேயே நகர்கிறது. அதே ஆண்டு பிராட்வேயில் நாடகமாகவும் அரங்கேறியது. சாலினாஸில் பிறந்த ஸ்டைன்பெக் இளமையில் அப்பகுதிப் பண்ணைகளில் கூலி வேலை செய்தவர்.

இந்த நாவலை நட்பின் கதை என்று மட்டும் படிப்பது போதாது. மாதம் 50 டாலர் கூலி. படுக்கைக்கு மேலே ஆணியடித்த ஓர் ஆப்பிள் பெட்டிதான் உடைமை வைக்கும் இடம். அறுவடை முடிந்தால் அடுத்த பண்ணை. தொழிற்சங்க உரிமைக்கு அமெரிக்கா 1935இல் இயற்றிய சட்டம் விவசாயக் கூலிகளை விலக்கியே வைத்தது. இப்படிப்பட்ட வாழ்வில் ஜார்ஜும், உடல் வலிமை மிகுந்து அறிவு வளராத லென்னியும் சேர்ந்தே ஊர் ஊராகப் போகிறார்கள். ஒருவனுக்காக இன்னொருவன் பேசுவதைக் கண்டதும் முதலாளிக்குச் சந்தேகம்: லென்னியின் கூலியை இவன் பிடுங்கிக்கொள்கிறானோ? அதைத் தீர்க்க, லென்னி தன் உறவுக்காரன் என்று ஜார்ஜ் பொய் சொல்ல நேர்கிறது. உறவுக்குப் பண்ணையில் கணக்கு உண்டு, நட்புக்கு இல்லை.

நாவலின் ஆகச் சிறந்த பகுதி லாய வேலையாள் குரூக்ஸின் அறையில் நிகழ்கிறது. கறுப்பினத்தவன் என்பதால் மற்றவர்கள் சீட்டாடும் கொட்டகைக்குள் அவனுக்கு இடமில்லை. லாயத்தை ஒட்டிய அறையில் தனியே படுக்கிறான். அவனிடம் 1905ஆம் ஆண்டின் கலிஃபோர்னியா சிவில் சட்டப் புத்தகம் இருக்கிறது. தன் உரிமை இன்னதென்று படித்தறிந்தவன் அவன். ஜார்ஜும் லென்னியும் சொந்தமாக வாங்கக் கனவு காணும் நிலத்துக்கு விலை 600 டாலர். கையை இழந்த கிழவர் கேண்டி 350 டாலர் தருவதாகச் சொன்னதும் கனவு கணக்காக மாறுகிறது. குரூக்ஸும் கூலியில்லாமலே உழைக்க வரலாமா என்று கேட்கிறான். சற்று நேரத்தில் முதலாளியின் மகன் கர்லியின் மனைவி, நினைத்தால் அவனை மரத்தில் தொங்கவிட முடியும் என்று மிரட்டுகிறாள். சட்டப் புத்தகம் உதவவில்லை. கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறான். மிரட்டியவளுக்கும் நாவலில் சொந்தப் பெயர் கிடையாது.

வேலைக்கு உதவாததைப் பண்ணை வைத்துக்கொள்ளாது. கேண்டியின் கிழட்டு நாயை இன்னொரு கூலியாளான கார்ல்சன் சுட்டுவிடுகிறான். பெருக்கும் வேலையும் முடியாமல்போனால் தன்னையும் துரத்திவிடுவார்கள் என்று கேண்டி அஞ்சுகிறார். கர்லியின் மனைவி லென்னியின் கையில் தவறுதலாக இறந்த பிறகு, லென்னியைச் சுட ஜார்ஜ் எடுப்பதும் கார்ல்சனின் அதே துப்பாக்கிதான். துரத்தி வருபவர்களின் கொடுமையிலிருந்து நண்பனைக் காக்கிறான் என்பது உண்மை. பண்ணையின் விதியைத் தன் கையாலேயே நிறைவேற்றுகிறான் என்பதும் உண்மை.

அமெரிக்கப் பள்ளிகளில் இந்நாவல் நெடுங்காலமாகப் பாடம். இனவசைச் சொற்களுக்காகப் பெற்றோரின் எதிர்ப்பையும் பலமுறை சந்தித்திருக்கிறது. வகுப்பறையில் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி, ஜார்ஜ் செய்தது கருணையா, குற்றமா என்பது. ஜார்ஜை மட்டும் கூண்டில் ஏற்றும் கேள்வி அது. அவனுக்கு வேறு வழியே இல்லாமல் செய்தவை எவை என்று கேட்டால், கூலியும் கொட்டகையும் குரூக்ஸின் அறையும் பாடத்துக்குள் வந்துவிடும்.