தலைப்பாகைச் சிப்பாய்க்குப் பின்னால் மண்வெட்டி பிடித்தவர்கள்

லண்டனில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. இம்பீரியல் வார் மியூசியம். முதல் உலகப்போர் முடிவதற்கு முன்பே, 1917இல், அதை அமைக்க பிரிட்டிஷ் அமைச்சரவை முடிவெடுத்தது. பீரங்கியோடும் சீருடையோடும் சேர்த்து அது சுவரொட்டிகளையும் திரட்டியது. அந்தச் சேகரிப்பில் இந்தியாவில் ஆள்சேர்க்க அச்சிட்ட உருது சுவரொட்டி ஒன்று உண்டு. தலைப்பாகை கட்டிய சிப்பாய் துப்பாக்கியோடு நிற்கிறான். இவன் இந்தியாவைக் காக்கிறான், தன் வீட்டையும் வீட்டாரையும் காக்கிறான், உன் வீட்டாருக்கு நீ உதவ வேண்டுமென்றால் படையில் சேர் என்பது அதன் சாரம்.

இன்று இந்தப் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. "என்ன அருமையான டிசைன்" என்று பகிர்கிறார்கள். குயிலாப்பாளையத்திலிருந்து ஆரோவில் போகும் சாலைக் கடைகளில் பழைய விளம்பரப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டுவது போலத்தான் இதுவும். வண்ணத்தை ரசிக்கட்டும், தடையில்லை. ஆனால் தோழர்களே, நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் படத்தில் நாம் எங்கே இருக்கிறோம்?

முதல் உலகப்போருக்காக இந்தியாவில் திரட்டப்பட்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர். அவர்களில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் சிப்பாய்களே இல்லை. மூட்டை சுமந்தவர்கள், சாலை போட்டவர்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள், தோல்பையில் தண்ணீர் சுமந்தவர்கள், தோல் தைத்தவர்கள், மலம் அள்ளியவர்கள். வரலாற்றாசிரியர் ராதிகா சிங்கா 2020இல் ஒரு முழுப் புத்தகமே இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ராணுவம் இவர்களைப் 'பாலோயர்' என்றது. அதற்குள்ளும் மேல் கீழ் உண்டு. துப்புரவு செய்தவரும் தண்ணீர் சுமந்தவரும் 'மீனியல்', அதாவது இழிவேலைக்காரர், என்ற அடுக்கில் கிடந்தார்கள். ஊரில் எந்தச் சாதிக்கு எந்த வேலையோ, மெசபடோமியப் பாலைவனத்திலும் அந்தச் சாதிக்கு அந்த வேலைதான். ஊரும் சேரியும் கப்பலேறிப் போயின. இவர்களை நாயகனாக வரைந்து நாடெங்கும் யார் ஒட்டினார்கள்? கையில் மண்வெட்டியும் மலக்கூடையும் உள்ளவனைக் காட்டி "நாட்டைக் காக்க வா" என்று யார் கூப்பிடுவார்கள்?

படத்துக்கு எந்த முகம் என்பது ஓவியன் தூரிகையைத் தொடும் முன்பே முடிவாகிவிட்டது. சென்னைப் படையில் பறையர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தவர்கள். கம்பெனி காலத்திலிருந்தே அந்தப் படையின் போர்களில் சண்டையிட்டவர்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ். தெற்கத்தி ஆள் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அவர் தீர்ப்பு. பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தளபதியானார். அந்தக் காலத்தில்தான் 'வீரசாதி' என்ற கொள்கை படையின் சட்டமாகவே ஆனது. 1892இல் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. பாபாசாகேப் அம்பேத்கர் பிறந்த மறு ஆண்டு அது. சுபேதாராக இருந்தவரின் மகன் அவர். தென்னிந்தியப் படைப்பிரிவுகளும் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. மண் வெட்டவும் பாலம் கட்டவும் சாப்பர் பிரிவு மட்டும் தப்பிப் பிழைத்தது. அங்கே நம் ஆட்கள் நிறைய இருந்தார்கள். சண்டைக்கு ஆகாதவனாம், பதுங்குகுழி தோண்ட மட்டும் ஆவானாம்! வெள்ளைக்காரன் இனவாதமும் நம்மூர் சாதியும் கைகுலுக்கிக்கொண்ட இடம் இது. அந்தக் கைகுலுக்கலுக்கு வண்ணம் பூசினால் சுவரொட்டி கிடைக்கும்.

இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்தது. உடனே 'வீரசாதி' கொள்கை தளர்ந்தது. பாபாசாகேப் விடாமல் வலியுறுத்தியதன் பலனாக 1941 அக்டோபரில் மகர் ரெஜிமென்ட் எழுந்தது. அதே 1941இல் மெட்ராஸ் ரெஜிமென்டும் திரும்பி வந்தது. 1943இல் சமார் ரெஜிமென்ட் உருவானது. அது கொஹிமா வரை போய்ச் சண்டையிட்டது. 1946இல் கலைக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகள். தேவைப்பட்டபோது வீரன், தேவை முடிந்ததும் பழைய தெரு. அதே 1941இல் பிரிட்டன் 'டுகெதர்' என்றொரு சுவரொட்டி போட்டது. பேரரசின் பல நாட்டு வீரர்கள் தோளோடு தோள் நடந்து வருகிறார்கள். இந்தியா முழுவதற்கும் அதில் ஒரே ஒரு ஆள். அவன் தலையிலும் தலைப்பாகைதான்.

இந்த இடத்தில் வழக்கமான குரல் ஒன்று கேட்கும். "வெள்ளைக்காரன் படையில் கூலிக்குப் போனவர்கள்தானே நீங்கள்?" இதைச் சொல்பவரிடம் பதிலுக்குக் கேளுங்கள். நிலம் யாரிடம் இருந்தது? பள்ளிக்கூடம் யாருக்குத் திறந்திருந்தது? பண்ணையாளாகக் கிடந்தவனுக்குச் சம்பளம், உடுப்பு, எழுத்தறிவு, ஓய்வூதியம் எல்லாம் ஒரே கதவின் வழியாக வந்தால் அவன் அந்தக் கதவைத் தட்டாமல் என்ன செய்வான்? போர்க்கடன் பத்திரம் வாங்கிப் பட்டம் பெற்ற ஜமீன்தாரையும், ராணுவத்துக்குச் சரக்கு விற்றுப் பணம் சேர்த்த ஒப்பந்தக்காரரையும் யாராவது துரோகி என்கிறார்களா?

எதிர்த்தரப்பின் சுவரொட்டியும் நம்மை வாழவைக்கவில்லை. 'ஆசியா ஆசியர்களுக்கே' என்று சொல்லிக்கொண்டு வந்த ஜப்பான் 1942-43இல் சயாம்-பர்மா ரயில்பாதை போட்டது. 415 கிலோமீட்டர். நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசைகாட்டி மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். ஆசைகாட்டி வராதவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அந்தத் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலியாகப் போனவர்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்பது தென்னாற்காட்டுக்கும் வடாற்காட்டுக்கும் தெரியும். சாகப் போனவனின் சாதியைப் பொறுத்தவரை இரண்டு கொடிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அப்படியானால் இவற்றை எரித்துவிடலாமா? கூடாது. பீமா கோரேகான் தூணை நினைத்துப் பாருங்கள். 1818 போருக்காகக் கம்பெனி தன் பெருமையைத் தானே செதுக்கி வைத்த கல் அது. அசல் போர்ப் பரப்புரை. 1927 ஜனவரி 1 அன்று பாபாசாகேப் அங்கே போனார். கம்பெனியின் வெற்றியைப் பாராட்ட அவர் போகவில்லை. கல்லில் இருந்த மகர்களின் பெயர்களைப் படிக்கப் போனார். அன்றிலிருந்து அந்தத் தூணின் பொருள் மாறிவிட்டது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அங்கே கூடுகிறார்கள். ஆட்சியாளன் எழுதியதை நமக்காகப் படித்துக்கொள்வது எப்படி என்பதை அவர் அன்றே காட்டிவிட்டார்.

சுவரொட்டிகளையும் நாம் அப்படிப் படிக்க வேண்டும். அருங்காட்சியக அட்டையில் ஓவியர் பெயர், அச்சகம், ஆண்டு, நீள அகலம் இருக்கும். யாரைப் பார்த்து அது பேசியது, யாரை ஒளித்தது என்று பெரும்பாலும் இருக்காது. அந்த வரியை எழுத வேண்டிய வேலை நம்முடையது. சமூகவியலும் வரலாறும் படிக்கிற தம்பி தங்கைகளே, ஆய்வுத் தலைப்பு கிடைக்கவில்லை என்று அலைகிறீர்களே, இதோ இருக்கிறது.

வெளிநாடு போக வேண்டாம். நம் பக்கத்திலேயே தொடங்கலாம். புதுச்சேரியில் 'சொல்தா' என்றால் எல்லோருக்கும் தெரியும், பிரெஞ்சுப் படையில் இருந்தவர். 1881 ஆணையின்படி சாதி வழக்கங்களுக்குட்பட்ட சட்டத்தைத் துறந்து, புதுக் குடும்பப்பெயர் எடுத்து, பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டத்துக்குள் போனவர்களில் தலித்துகள் கணிசமானவர்கள். அவர்களின் பிள்ளைகள் இந்தோசீனாவரை போனார்கள். கடற்கரையில் உள்ள போர் நினைவுச்சின்னத்துக்கு ஜூலை 14 அன்று மலர்வளையம் வைக்கிறார்கள். அதன் முன்னால் செல்ஃபி எடுக்கிறோம். அங்கே உள்ள பெயர்கள் எந்தத் தெருப் பெயர்கள் என்று கேட்டிருக்கிறோமா? தமிழ்நாட்டு ஊர்கள் சிலவற்றில் இன்னும் கல் இருக்கிறது: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள். எண்ணிக்கை மட்டும் உண்டு. பெயர் இல்லை.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழைய தமிழ்ப் போட்டோ ஸ்டுடியோக்களின் படங்களை மின்னாக்கம் செய்யும் திட்டம் ஒன்றை நடத்தியது. அதே வேலையை நம் தெருவில் நாம் செய்ய என்ன தடை? கையில் செல்போன் இருக்கிறது. தாத்தாவின் பதக்கம், ஓய்வூதியப் புத்தகம், டிஸ்சார்ஜ் சான்றிதழ், உடுப்போடு எடுத்த ஒரே ஒரு படம் எல்லாம் டிரங்குப் பெட்டியில் கரையானுக்குக் காத்திருக்கின்றன. படம் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், பெயரும் தேதியும் அங்கேதான் இருக்கும். ஆயாவை உட்காரவைத்து, "அவர் எங்கே போனார், என்ன வேலை கொடுத்தார்கள், திரும்பி வந்தபோது ஊர்த்தெரு வழியாகச் செருப்போடு நடக்கவிட்டார்களா?" என்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள். ஆயா போய்விட்டால் அந்த நூலகமும் போய்விடும்.

இது பழங்கதை என்று யாராவது சொன்னால் 2016ஐ நினைவுபடுத்துங்கள். காஷ்மீரின் பாம்பூரில் கொல்லப்பட்ட சி.ஆர்.பி.எஃப். வீரர் ஒருவரின் உடல் உத்தரப்பிரதேசத்தில் அவர் ஊருக்கு வந்தது. தலித் வீட்டுப் பிள்ளை. பொதுநிலத்தில் எரிக்கப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடம் தர ஆதிக்கசாதியினர் மறுத்தார்கள். அதிகாரிகள் வந்து பேசிய பிறகே இடம் கிடைத்தது. அதே வாரத்தில் 'ஜவான்' படம் போட்ட தேசபக்திச் சுவரொட்டிகள் எத்தனை பேருடைய போனில் சுற்றியிருக்கும்?

அடுத்த முறை அப்படியொரு படம் உங்கள் கைக்கு வந்தால், பகிரும் முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். படத்தில் இருப்பவன் யார், அவனுக்குப் பின்னால் பள்ளம் தோண்டியவன் யார் என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் அந்தப் பெயரையும் சேர்த்துப் பகிருங்கள்.

ஜெய்பீம்.