கைக்குழந்தையோடு வரும் பயணிக்குப் பள்ளிவாசலில் இடமில்லையா?

 

2025 ஜூலையில் பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியர் காலப் படைத்தலங்கள் என்ற வரிசையில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று எங்கள் செஞ்சி. அன்று முதல் விடுமுறை நாள்களில் இங்கே வரும் குடும்பங்களில் நம் மக்களையும் மிகுதியாகக் காண்கிறேன். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வேன் அமர்த்திக்கொண்டு, பாட்டி முதல் பால்குடிக் குழந்தை வரை வருகிறார்கள். வரட்டும். பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்குமாறு குர்ஆன் பல இடங்களில் பணிக்கிறது. அந்தப் பணிப்பு ஆண்களுக்கு மட்டும் உரியதென்றோ, பிள்ளை பெறாதவர்களுக்கு மட்டும் உரியதென்றோ எந்த விரிவுரையாளரும் எழுதியதாக நான் படித்ததில்லை.

எனது வழக்கு கோட்டையைப் பற்றியதன்று. கோட்டையிலிருந்து இறங்கிய பின் நடப்பதைப் பற்றியது.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறக்கூடிய இடமன்று. ஆகவே இளைஞர்கள் மலையேற, தாய்மார்கள் கீழேயே கல்யாண மகாலையும் தானியக் களஞ்சியத்தையும் யானைக்குளத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டு, தின்பண்டப் பையைக் குரங்குகளிடமிருந்து காத்துக்கொண்டு பொழுதைப் போக்குகிறார்கள். லுஹர் நேரம் வருகிறது. வேன் ஊருக்குள் வந்து ஒரு பள்ளிவாசல் முன் நிற்கிறது. ஆண்கள் இறங்கி உளூச் செய்து, குளிர்ந்த தரையில் நிம்மதியாகக் கஸ்ர் தொழுகிறார்கள். தாய்மார்கள் வெயிலில் காய்ந்த வேனுக்குள்ளேயே இருக்கிறார்கள். அழும் குழந்தைக்குத் துப்பட்டாவை மறைப்பாக்கிப் பாலூட்டுகிறார்கள். அவர்களுடைய லுஹர்? "வீட்டுக்குப் போய்க் களாச் செய்துகொள்ளலாம்" என்கிறார் கணவர். நேரம் இருக்கும்போதே ஒரு பர்ளை நழுவவிடச் சொல்லும் இந்தத் துணிச்சலை அவருக்கு யார் கற்றுத் தந்தது?

நாம்தான் கற்றுத் தந்தோம். பெண்ணுக்கு வீட்டில் தொழுவதே சிறந்தது என்று மேடைதோறும் சொல்கிறோம். அபூதாவூதில் அக்கருத்துள்ள ஹதீஸ் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் பயணிக்கு அந்த ஊரில் வீடு எங்கே இருக்கிறது? வீடு இருப்பவளுக்குச் சொன்ன சிறப்பை, வீட்டிலிருந்து 150 கிலோமீட்டர் தள்ளி நடுத்தெருவில் நிற்பவளுக்கு எதிராக நிறுத்துவது எந்த வகை ஃபிக்ஹு? அல்லாஹ்வின் பெண்ணடிமைகளை அவனுடைய பள்ளிகளை விட்டும் தடுக்கக் கூடாதென்று நபி (ஸல்) அவர்கள் விலக்கியது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்கள் இதை அறிவித்தபோது, "நாங்கள் தடுக்கவே செய்வோம்" என்று அவர்களுடைய மகனே சொல்ல, மகன் என்றும் பாராமல் கடுமையாக ஏசினார்கள். உமர் (ரலி) அவர்களின் மனைவியார் ஸுப்ஹுக்கும் இஷாவுக்கும் பள்ளிக்குச் சென்று வந்தார்கள். கணவருக்கு அது பிடிக்கவில்லை; ஆனாலும் அந்த ஹதீஸுக்காகத் தடுக்கவில்லை. இங்கே தடுப்பவர் அமீருல் மூமினீனைவிடப் பேணுதல் மிக்கவராகத் தம்மைக் கருதிக்கொள்கிறாரா?

"ஆயிஷா (ரலி) அவர்களே பிற்காலத்துப் பெண்களைக் குறித்து வருந்திச் சொன்னார்களே" என்பர். ஆம், சொன்னார்கள். அலங்காரத்தையும் குழப்பத்தையும் அஞ்சிச் சொன்னார்கள். தோளில் வாந்தியெடுத்த குழந்தையோடு, உறக்கமற்ற கண்களோடு நிற்கும் ஒருத்தியைப் பார்த்து எந்தக் குழப்பத்தை அஞ்சுகிறீர்கள்?

அடுத்த தடை குழந்தை. சிறுபிள்ளைகளையும் பைத்தியக்காரர்களையும் பள்ளியை விட்டு அகற்றுமாறு வரும் அறிவிப்பொன்று சுவரொட்டியாகவே சில ஊர்களில் தொங்குகிறது. இப்னு மாஜாவில் உள்ள அது பலவீனமானதென்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் சொல்லியிருப்பதை ஒட்டியவர் அறிவாரா? ஆதாரப்பூர்வமானவை வேறு கதை சொல்கின்றன. தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே நபி (ஸல்) அவர்கள் மக்களுக்கு இமாமாக நின்றார்கள். ஸுஜூதில் இறக்கி வைத்தார்கள், எழும்போது தூக்கிக்கொண்டார்கள். தொழுகையை நீட்ட எண்ணி நின்றவர்கள், பின்னாலிருந்து ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டதும் தாயின் தவிப்பை எண்ணிச் சுருக்கினார்கள். அந்தக் குழந்தை எங்கே இருந்தது? தெருவில் நின்ற வாகனத்திலா? பள்ளிக்குள், தாயின் அருகில்.

சிறுநீர் கழித்துவிடுமே என்பது இன்னொரு கவலை. உணவு உண்ணத் தொடங்காத ஆண்குழந்தை ஒன்று நபி (ஸல்) அவர்களின் மடியிலேயே சிறுநீர் கழித்தது; தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் தெளித்தார்கள். பள்ளிக்குள்ளேயே நின்று சிறுநீர் கழித்த கிராமவாசியை ஸஹாபாக்கள் விரட்டப் போனபோது தடுத்து, ஒரு வாளி நீரை ஊற்றச் சொன்னார்கள். வாளி நீரில் தீர்ந்த விஷயத்துக்கு நாம் இரும்புக் கதவு போட்டு வைத்திருக்கிறோம்.

ஐரோப்பாவுக்குப் பிள்ளைகளோடு போய்வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நம் குடும்பங்கள் பல உண்டு. பாரிஸுக்கும் இங்குமாகப் பேரக்குழந்தைகள் வந்து போகின்றன. 1926இல் திறக்கப்பட்ட பாரிஸ் பெரிய பள்ளிவாசலில் பெண்கள் தொழ இடம் உண்டு. கிழக்கு லண்டன் பள்ளிவாசல் இன்னும் ஒரு படி மேலே போய், பெண்களுக்கென்றே மர்யம் மையம் என்ற தனிக் கட்டடத்தை 2013இல் திறந்தது. அங்கே குளிர்காலப் பகல் எவ்வளவு சிறியது தெரியுமா? லண்டனில் டிசம்பர் இறுதியில் லுஹர் நண்பகலை ஒட்டி நுழைகிறது. மாலை 4 மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடுகிறது. இடையில் அஸர். நான்கு மணி நேரத்துக்குள் மூன்று வக்துகள்! தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஊர் பார்க்கும் தாய், அந்நிய நாட்டிலும் பள்ளிக்குள் நுழைந்து தொழுதுவிட்டு வெளியே வருகிறாள். அதே தாய் விடுமுறையில் தாயகம் வந்து, பிள்ளைக்குச் செஞ்சியைக் காட்ட வந்தால் நடைபாதையில் நிற்கிறாள். அந்தப் பிள்ளை வளர்ந்து, இஸ்லாம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் என்ன விடை வைத்திருக்கிறோம்?

கோட்டைக்குள்ளேயே ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாஹ் கானின் பெயர் தாங்கிய பள்ளிவாசல் இருக்கிறது, 1717-18இல் எழுந்தது. தேசிங்கு ராஜன் வீழ்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். இன்று அது தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள கோட்டையின் ஒரு பகுதி. தாய் தன் குழந்தையோடு அதைச் சுற்றிப் பார்க்கலாம், யாரும் தடுப்பதில்லை. பாங்கொலி கேட்கும் பள்ளிக்குள்தான் அவளால் போக முடியவில்லை.

நிர்வாகிகளை மட்டும் சாடினால் நீதியாகாது. சுற்றுலா நாளென்றால் தொழுகைக்கும் விடுமுறை என்று முடிவு செய்துவிட்டே வேனில் ஏறுகிற குடும்பங்கள் உண்டு. முஸல்லா வராது, பிரியாணி அண்டா வரும். தகப்பன்மார் தொழுதுவிட்டு வந்து பத்து நிமிடம் குழந்தையை வாங்கிக்கொண்டால் தாயும் தொழுதுவிடுவாள். அந்தப் பத்து நிமிடத்தில் கோட்டையில் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் ஏற்றுகிறார்கள். குழந்தையைத் தூக்குவது ஆண்மைக்குக் குறைவென்றால் உமாமாவின் ஹதீஸை மறுபடி படியுங்கள். பயணிக்குத் தொழுகையில் பாதியையும், பயணிக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பையும் அல்லாஹ் இலகுவாக்கினான் என்று ஒரே ஹதீஸில் வந்திருக்கிறது. பயணியும் பாலூட்டும் தாயும் அருகருகே பெயர் பெற்றவர்கள். இரண்டுமாக இருப்பவளுக்கு நாம் கொடுப்பது வேனின் பின் இருக்கை.

ஷாஃபிஈ மத்ஹபினர் பயணத்தில் இரு வக்துகளைச் சேர்த்துத் தொழலாம். எங்கள் பகுதியில் பெரும்பாலோர் ஹனஃபிகள். அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அன்றி அவர்களுக்குச் சேர்ப்பு இல்லை. லுஹர் செஞ்சியில் என்றால் அஸர் வழியில் வேறோர் ஊரில். ஒரு பள்ளி மட்டும் கதவைத் திறந்து பயனில்லை. சாலையோர ஊர்கள் அனைத்தும் திறக்க வேண்டும்.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. சில ஊர்களில் இது நடந்தும் வருகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, தனி வாசல், ஒரு குழாய், ஒரு கழிவறை, திரை, இரண்டு பாய், பாலூட்ட ஒரு மூலை. மினாராவின் வண்ண விளக்குகளுக்குத் திரட்டும் தொகையில் ஒரு பங்கு போதும். வழிப்போக்கனை ஸகாத் பெறும் எட்டு வகையினருள் ஒருவனாக வைத்த மார்க்கம் இது. அவனுக்கென ஓர் அறை கட்டக் கணக்குப் பார்க்க வேண்டுமா?

அறை ஏற்கெனவே இருக்கும் ஊர்களுக்கும் ஒரு சொல். அங்கே பெரும்பாலும் பூட்டுத்தான் தொங்குகிறது; சாவி முஅத்தினிடம், முஅத்தின் சாப்பிடப் போயிருக்கிறார். சாவி வைத்திருப்பவரின் கைபேசி எண்ணைக் கதவிலேயே எழுதி வையுங்கள். திண்டிவனம்–திருவண்ணாமலைச் சாலையில் இருக்கும் ஜமாஅத்துகள், பெண்கள் தொழும் இடம் உண்டென்று சாலையைப் பார்த்து ஒரு பலகை நடுங்கள். பள்ளிக்கூட முழு ஆண்டு விடுமுறை தொடங்குவதற்குள் இது முடிந்துவிட வேண்டும். ஏப்ரல் வெயிலில் அந்த வேன்கள் மறுபடியும் வரும்.